மாஸ் எஃபெக்ட் 2 கடைசி மிஷன்: 12 பேரும் திரும்பி வந்தார்கள்

மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளி வீடியோ கேமில் நேற்று ராத்திரி ஒமேகா-4 ரிலேயை, அதாவது எதிரிகளான கலெக்டர்களின் தளத்துக்குக் கொண்டுபோகும் விண்வெளி வாசலை, தாண்டிப் போய் வந்தேன். ஸ்குவாடில், அதாவது என்னோடு சண்டைக்கு வரும் அணியில், 12 பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கப்பல் ஊழியர்களும் முழுசாகத் திரும்பினார்கள். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். மூன்று பாகங்களையும் சேர்த்து 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷனில் முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொட்டிருப்பவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். கதையின் முடிவு வரை வரும், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த கேமை அறிமுகம் செய்தது அக்கா பையன். அவன் ஆட்டத்தில் கடைசியில் அணியின் விஞ்ஞானி மோர்டின் செத்துப்போனான், அதை இன்னும் அவனால் தாங்க முடியவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "சித்தி, எதையும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மிஷன் முடிஞ்சதும் கப்பலைச் சுத்தி வாங்க, எல்லார்கிட்டயும் பேசுங்க." நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இதுதான்.

துப்பாக்கிச் சண்டை எனக்கு ஒத்துவராது. கேஷுவல் என்ற சுலபமான நிலையில் வைத்து, சென்டினல் வகுப்பு எடுத்து, அதன் டெக் ஆர்மர் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஆடினேன். குறி வைப்பதில் கெட்டிக்காரர்களுக்கு வேறு வழிகள் இருக்கும். ஆனால் கடைசி மிஷனில் யார் பிழைக்கிறார்கள் என்பதற்கும் நாம் எவ்வளவு நன்றாகச் சுடுகிறோம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே கேட்கப்படுவது வேறு: உன் ஆட்களை உனக்குத் தெரியுமா?

கப்பல் மேம்பாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பலமான கவசத்தைப் பற்றிச் சொல்வது ஜேக்கப். ஷீல்டைப் பற்றிச் சொல்வது டாலி. தானிக்ஸ் பீரங்கி கேரஸின் யோசனை. மூன்றும் அவர்களிடம் போய்ப் பேசினால்தான் வெளியே வரும். கவசம் இல்லாமல் ரிலேக்குள் போனால் ஜாக் இறந்துவிடுவாள். மற்ற இரண்டும் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு உயிர். கலெக்டர் தளத்தில் கால் வைப்பதற்கு முன்பே மூன்று பேர் போய்விடலாம். கனிமம் தேடிக் கிரகங்களை ஸ்கேன் செய்வது அலுப்பான வேலைதான், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்துவிடுங்கள்.

கேலக்ஸி மேப் பக்கத்தில் நிற்கும் கெல்லி, யார் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று சொல்வாள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஜாக் கீழே எஞ்சின் அறைக்கும் அடியில் ஒண்டியிருப்பாள். தேய்ன் லைஃப் சப்போர்ட்டில் தனியாக உட்கார்ந்திருப்பான். கேரஸ் பல நேரம் வேலை இருக்கிறது என்று திருப்பி அனுப்புவான், இருந்தாலும் அடுத்த தடவையும் போங்கள். பேச்சில்தான் அந்தந்த ஆளின் நம்பிக்கையைப் பெறும் லாயல்டி மிஷன் திறக்கும். அது முடியாத ஆளைக் கடைசி மிஷனில் எந்தப் பொறுப்பில் வைத்தாலும் பயம்தான்.

லாயல்டி மிஷனை முடித்தால் மட்டும் போதாது, சரியாக முடிக்க வேண்டும். டாலியின் மிஷனில் அவள் மக்கள் அவள்மேல் துரோகக் குற்றம் சாட்டி விசாரிக்கிறார்கள். அதில் அவள் அப்பாவுக்கு எதிரான ஆதாரத்தை எடுத்து நீட்டினால் தண்டனையிலிருந்து தப்புவாள், ஆனால் அவள் நம்பிக்கை போய்விடும். ஆதாரம் கிடைத்த கப்பலில் அதைக் காட்ட வேண்டாம் என்று அவள் கெஞ்சுவதைக் கேட்ட பிறகு எனக்கு அதைக் காட்ட மனசே வரவில்லை. இங்கே ஓர் அழகு இருக்கிறது. ஆரம்பத்தில் டாலியின் இனத்தானான வீட்டோரை அவன் மக்களிடமே அனுப்பியிருந்து, ஹேஸ்ட்ராம் கிரகத்தில் அதே இனத்து வீரன் கால்ரீகரையும் காப்பாற்றியிருந்தால், விசாரணையில் இருவரும் டாலிக்காக நிற்பார்கள். அப்போது நீலம் (நல்லவனாக நடந்தால் கிடைப்பது), சிவப்பு (முரட்டுத்தனமாக நடந்தால் கிடைப்பது) மதிப்பெண் குறைவாக இருந்தாலும் வழக்கு ஜெயிக்கும். எப்போதோ செய்த ஒரு நல்லது இத்தனை மணி நேரம் கழித்து வந்து கை கொடுத்ததும் எழுந்து நின்று கைதட்டினேன்.

மதிப்பெண் என்றதும் ஒன்று. நீலமோ சிவப்போ, ஒரு பக்கம் நில்லுங்கள். மிரண்டாவும் ஜாக்கும் மோதும்போதும், டாலியும் ரோபோவான லீஜியனும் மோதும்போதும் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள அது நிறைய வேண்டும்.

வரிசை முக்கியம்:

– ரிலேயைத் தாண்டத் தேவையான ரீப்பர் ஐஎஃப்எஃப் கருவியை எடுக்கும் மிஷனுக்கு முன்பே மற்ற எல்லாருடைய லாயல்டியையும் முடித்துவிடுங்கள்.
– அங்கே கிடைக்கும் லீஜியனை உடனே எழுப்புங்கள், பேசுங்கள், அடுத்த மிஷனே அவனுடையதாக இருக்கட்டும்.
– ஊழியர்கள் கடத்தப்பட்டதும் நேரே ரிலேக்குப் போங்கள். பாக்கி வேலை என்று அலைந்தால் முதலில் பாதிப் பேர் போவார்கள், பிறகு டாக்டர் சாக்வாஸ் மட்டும் மிஞ்சுவார்.

தளத்துக்குள் நான் அனுப்பியது:

– கதவைத் திறக்கக் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போக டாலி. லீஜியன், கசுமியும் சரி. ஜேக்கப் தானாக முன்வருவான், அனுப்பாதீர்கள்.
– அணி பிரியும் இரண்டு முறையும் இன்னொரு பிரிவின் தலைவன் கேரஸ். முதல் தடவை தலைமையைத் தப்பான ஆளிடம் கொடுத்தால் சாவது தலைவன் இல்லை, குழாய்க்குள் இருப்பவர்.
– பூச்சிக் கூட்டத்தைத் தடுக்கும் பயாட்டிக் (மனோசக்தி மாதிரி) குமிழிக்குச் சமாரா. ஜாக்கும் தாங்குவாள். எந்தப் பயாட்டிக்காலும் முடியும் என்று மிரண்டா சொல்வதை நம்ப வேண்டாம். அவளை வைத்தால் உங்களோடு நடக்கும் ஒருவரைப் பூச்சிக் கூட்டம் தூக்கிக்கொண்டு போகும்.
– மீட்ட ஊழியர்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக அவர்களோடு மோர்டின்.

இந்தக் கடைசி வரியைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் நின்று வாசலைக் காப்பவர்களின் பலத்தை கேம் கூட்டிச் சராசரி பார்க்கிறது. கிரண்ட், ஸயீத், கேரஸ் மூவரும் மலை மாதிரி நிற்பார்கள். மோர்டின், டாலி, ஜாக், கசுமி அந்த இடத்தில் பலவீனம், சராசரி இறங்கினால் முதலில் விழுவது மோர்டின். நான் கணக்குப் பார்த்து இதைச் செய்யவில்லை. சோதனைக்கூடத்தில் அவனோடு அத்தனை நேரம் பேசிய பிறகு, அந்தக் கிழவனை வாசலில் நிறுத்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். டாலியையும் ஜாக்கையும் என்னோடு கடைசிச் சண்டைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் இரண்டு பேர் சேவ் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அக்கா பையனுக்கே விஷயம் விளங்கியது: அவன் கிரண்டைத் தன்னோடு அழைத்துப்போய், மோர்டினை வாசலில் விட்டிருக்கிறான்.

ரிலேக்குப் போகுமுன் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள். முடிந்த பிறகும் கேம் தொடரும், அரைவல் என்ற கூடுதல் மிஷனை அப்போது ஆடலாம். அதற்கப்புறம் எடுக்கும் சேவ் ஃபைலைத்தான் மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நாம் ஆடும் நாயகன் ஷெப்பர்டே செத்த சேவ் ஃபைலை அது ஏற்றுக்கொள்ளாது.