மைவியில் 17 அங்குல ரிம்: நெடுஞ்சாலையிலும் செம்மண்ணிலும் ஓட்டிப் பார்த்தது

ரிம் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) மாற்றுவதற்கு முன் பழைய சக்கரத்தை எடை போட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. எடை பார்க்கும் மெஷினில் முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன். அப்புறம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துப் பார்த்தேன். என் பெரோடுவா மைவி 1.3 காரின் 14 அங்குலச் சக்கரம் டயரோடு 13 கிலோ. புதிதாக வாங்கிய 17 அங்குல ஸ்போர்ட் ரிம் டயரோடு 18 கிலோ. நான்குக்கும் சேர்த்து 20 கிலோதான் கூடுகிறது, பின்னால் இரண்டு பை அரிசி ஏற்றினால் வரும் எடைதானே என்று நினைத்தேன்.

வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்பூட் டவுனில், வேலை ஈப்போவில். அப்பா மட்டும் லிந்தாங் பக்கத்தில் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலை, ஞாயிற்றுக்கிழமை செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவே செம்மண் பாதை. ரிம் வாங்கும்போது அந்த ஆறு நாளைத்தான் கணக்கில் எடுத்தேன்.

பழைய டயர் 175/65 ஆர்14. புதியது 205/40 ஆர்17. இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அது டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று சொல்கிறது. 175-இல் 65 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 114 மில்லிமீட்டர் ரப்பர். 205-இல் 40 சதவீதம் என்றால் 82 மட்டுமே. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த ரப்பரில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போய்விட்டது. சக்கரத்தின் மொத்த விட்டம் 583-இலிருந்து 596 மில்லிமீட்டராகக் கூடியதால், வேகம் காட்டும் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-இல் போகும்.

முதல் வாரம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு முன் வரும் வளைவுகளில், ஸ்டேரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு திரும்பியது. பழைய டயரில் முதலில் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், அப்புறம்தான் வண்டி திரும்பும். குட்டையான பக்கச்சுவரில் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் அதே ஏற்றத்தில் நான்காவது கியரில் சமாளிக்கும் வண்டி மூன்றாவதைக் கேட்டது. விட்டம் கூடினால் கியர் சற்று நீண்டதுபோல் ஆகிவிடும். எடையும் சக்கரத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்திருப்பதால் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும்.

இரண்டாவது வாரம் 90-ஐத் தாண்டினால் ஸ்டேரிங்கில் நடுக்கம். ரிம் வாங்கிய கடையில் இரண்டு தடவை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது) செய்து பார்த்தார்கள், போகவில்லை. ஒரு மாலை நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். மைவியின் ஹப் (சக்கரத்தின் நடு ஓட்டை பொருந்தி உட்காரும் பகுதி) 54.1 மில்லிமீட்டர், ரிம்மின் நடு ஓட்டை 73.1. நடுவில் பிடிமானமே இல்லாமல் நான்கு நட்டுகள் மட்டும் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. நட்டை இறுக்கும்போது சக்கரம் துளி விலகி உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் நான்கு வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது. இதைக் கடையில் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வண்டியோடு வராத வெளிரிம் வாங்குகிறவர்கள் பிசிடி (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) இரண்டோடு நடு ஓட்டையின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

லிந்தாங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடித் தாரில் இரண்டு பள்ளத் தடம் விழுந்திருக்கிறது. பழைய டயரில் அது இருப்பதே தெரியாது. அகல டயர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியை அங்கேயும் இங்கேயும் இழுத்தது. காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால் ரோட்டைத் தொடும் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது, வடிவம்தான் மாறும். முன்பு நீளவாக்கில் இருந்தது இப்போது குறுக்கே அகலமாகிறது. மழை கொட்டும்போது அந்த அகலம் தண்ணீரை ஒதுக்கத் திணறியது. டயர் பாதி தேய்ந்தது வேறு. அடைமழையில் 70-க்கு மேல் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். செம்மண்ணில் நூறு மீட்டர் போவதற்குள் கதவின் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். கோயில் வாசலில் இறங்கியதும் குனிந்து டயரை விரலால் அளந்து பார்த்தார்.

"என்னப்பா, இரும்புதான் இருக்கு, காத்துக்கு இடமே இல்லையே?"

"ரிம் பெருசாச்சுப்பா, அதனால ரப்பர் கொறஞ்சிடுச்சு."

"வண்டியைச் சுமக்கிறது காத்து. மழைக் காலத்துல நான் டிராக்டர் டயர்ல காத்தை இன்னும் கொறைப்பேன், அப்பதான் சேத்துல புடிக்கும். நீ அந்த இடத்தையே எடுத்துட்ட."

அப்பா சொன்னதுதான் விஷயம். டயருக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். சின்னச் சின்னக் கல்லையும் வேரையும் முதலில் விழுங்குவது அதுதான், வண்டியின் குலுக்கலை அடக்கும் அப்சார்பருக்குப் பெரிய குலுக்கல் மட்டும் போய்ச் சேரும். இந்த இடத்தில்தான் என் அரிசிப் பைக் கணக்கும் தப்பு என்று புரிந்தது. பின்னால் ஏற்றும் அரிசி வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. மேட்டில் ஏறிய கனமான சக்கரத்தைத் திரும்பக் கீழே தள்ள ஸ்பிரிங்குக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் டயருக்கு ரோட்டில் பிடி இல்லை. வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் வண்டி பக்கவாட்டில் ஒரு எட்டுத் தாண்டிக் குதித்தது இதனால்தான். வழவழப்பான நெடுஞ்சாலையில் கிடைத்த அந்தக் கூர்மை, மேடுபள்ளத்தில் அப்படியே திரும்பி எதிராக வேலை செய்கிறது.

இரண்டாவது மாதக் கடைசியில் மழைத்தண்ணீர் நிரம்பிய குழி ஒன்றில் இடது முன்சக்கரம் இறங்கியது. வேகம் 50 கூட இருக்காது. வீட்டில் கழற்றிப் பார்த்தால் ரிம்மின் உள் விளிம்பு வளைந்திருக்கிறது, டயரின் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவு புடைப்பு. குழியின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கி உள்ளிருக்கும் நூல்கள் அறுந்தால் இப்படித்தான் புடைக்கும். அந்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்டவே கூடாது, எந்த நிமிடமும் வெடிக்கும். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் அப்பா தனியாக இருக்கும்போது அப்படி ஒரு சக்கரத்தை நம்பி இரவில் கிளம்ப முடியாது.

17-ஐக் கழற்றிவிட்டு, பழைய 15 அங்குல ரிம் ஒரு செட் தேடி வாங்கினேன். டயர் 185/55 ஆர்15. பக்கச்சுவர் 102 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 584 சொச்சம், முதலில் இருந்த 14 அங்குலச் சக்கரத்தோடு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, அதனால் மீட்டரும் சரியாகக் காட்டுகிறது. எடை பார்த்தேன், 14 கிலோவுக்குச் சற்று மேல். மெனோரா வளைவுகளில் 17 தந்த கூர்மையில் பாதியாவது இதில் இருக்கிறது, ஏற்றத்தில் நான்காவது கியர் திரும்ப வந்துவிட்டது. லாரித் தடத்தில் இழுப்பு லேசாகத் தெரிகிறது, கையால் பிடித்துத் திருத்தும் அளவுக்கு இல்லை.

போன ஞாயிறு அப்பாவை ஏற்றிக்கொண்டு அதே செம்மண் பாதையில் போனேன். பிடியில் கை போகவில்லை. பாதி வழியில் மில்லின் பழைய புகைபோக்கியைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், கோயில் வரும்வரை நிறுத்தவில்லை. டயரில் இப்போது காற்றழுத்தம் 220 கேபிஏ (கிலோபாஸ்கல்). 5,000 கிலோமீட்டர் ஓடியதும் தேய்மானத்தை அளந்து எழுதுகிறேன்.