டி.சி. கொடுப்பதற்கு முன்னால்

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள். பள்ளிக் கழிப்பறைச் சுவரில் மார்க்கர் பேனாவால் 'நாளைக்கு ஸ்கூல்ல குண்டு வெடிக்கும்' என்று எழுதியிருக்கிறது. பத்தரை மணிக்கு எச்.எம். அறையில் ஆசிரியர்கள் கூடுகிறார்கள். பதினொன்றரைக்குள் பையன் யாரென்று தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டுக்கு அப்பாவுக்குப் போன். ஒரு மணிக்கு, 'பேசாம டி.சி.யை வாங்கிட்டுப் போயிடுங்க சார்'. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் விசாரணை என்பது இவ்வளவுதான். எழுதியவன் யார் என்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அவன் ஏன் எழுதினான், சொன்னதைச் செய்யக்கூடியவனா என்பதெல்லாம் கேட்கப்படாமலே தீர்ப்பு வந்துவிடுகிறது.

தண்டனையை முடிவு செய்வது கடைசி வேலை. அதற்கு முன் அந்த மிரட்டல் எந்த ரகம் என்று பிரிக்க வேண்டும்.

இதில் அமெரிக்காக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் ஓராண்டு நீக்கம் என்று 1994இல் அங்கே சட்டம் வந்தது. பிறகு அதே கண்டிப்பைப் பேனாக்கத்திக்கும் வாய்ச்சவடாலுக்கும் சேர்த்து நீட்டினார்கள். அதனால் பள்ளிகளின் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2008இல் எழுதியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூயி கார்னெல் வேறு வழியை உருவாக்கினார். எந்த மிரட்டலையும் முதலில் இரண்டாகப் பிரிப்பது அவருடைய முறை: அந்த நேரக் கோபத்திலோ விளையாட்டிலோ வந்து கரைந்துவிடுவது ஒன்று, நோக்கத்தோடு நிலைத்து நிற்பது இன்னொன்று. 2013இல் வர்ஜீனியா மாநிலம் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மிரட்டலை மதிப்பிடும் குழு இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

குழு என்றதும் பயப்பட வேண்டாம். எச்.எம். அல்லது ஏ.எச்.எம்., ஆலோசகர் இருந்தால் அவர், பையனுக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர் ஒருவர், ஆக மூன்று பேர் போதும். மிரட்டலுக்கு ஆளான ஆசிரியர் அதில் இருக்கக் கூடாது. வகுப்பாசிரியரிடம் தகவல் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் விசாரிக்கும் நாற்காலியில் அவரை உட்கார வைக்காமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே இருவருக்கும் ஏழாம் பொருத்தமாக இருந்தால் விசாரணை அங்கேயே கெட்டுவிடும்.

சம்பந்தப்பட்ட பையன்களைத் தனித்தனியாக, ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ள முடியாதபடி விசாரிக்க வேண்டும். 'ஏன்டா இப்படிப் பண்ணினே?' என்று ஆரம்பித்தால் 'சும்மா சார்' என்பதோடு முடிந்துவிடும். என்ன சொன்னாய், அப்படியே அதே வார்த்தையில் சொல். அப்போது யார் யார் இருந்தார்கள்? அதற்கு முன் என்ன நடந்தது? கேட்டவன் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறாய்? இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா? இந்த வரிசையில் கேட்டால் பெரும்பாலான பையன்கள் மூன்றாவது கேள்வியில் நிஜத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். கணக்குப் பரீட்சைக்குப் படிக்கவில்லை என்பதுவரை அதில் வந்துவிடும். மிரட்டப்பட்டவரிடமும் பார்த்தவர்களிடமும் இதே கேள்விகள்தான்.

எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்க வேண்டும். இங்கேதான் நம் பள்ளிகள் கோட்டை விடுகின்றன. நம்மிடம் இருக்கும் ஒரே ஆவணம் மன்னிப்புக் கடிதம். ஆசிரியர் சொல்லச் சொல்லப் பையன் எழுதுவது: 'நான் செய்தது தவறு என்று உணர்ந்துவிட்டேன். இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன். மீறினால் பள்ளி நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.' கீழே பெற்றோர் கையெழுத்து. என்ன செய்தான், எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு எதிராக என்று ஒரு சொல் அதில் கிடையாது. ஆறு மாதம் கழித்து அதே பையன் வேறொன்று செய்தால் இந்தத் தாளை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. நாளைக்கு நீதிமன்றமோ குழந்தைகள் உரிமை ஆணையமோ கேட்டால், மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்பதற்குத்தான் இது சாட்சியாகும்.

போன் விஷயம் தனி. பையனின் போனைப் பிடுங்கிக் கேலரியைத் தடவிப் பார்ப்பது ஆசிரியர் வேலை இல்லை. உடன் படிக்கும் பெண்ணின் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பியிருக்கிறான் என்று புகார் வந்தால், ஆதாரத்துக்காக அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளும் ஆசிரியரே சட்டச் சிக்கலில் மாட்டுவார். போனை அணைத்து, பெற்றோர் முன்னிலையில் உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக் காவல்துறையிடம் கொடுப்பதுதான் முறை. அந்தப் புகார் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வருவது. அதை இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு சமாதானமாகப் பேசி முடிக்க எச்.எம்.முக்கு அதிகாரம் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோவின் 19, 21ஆம் பிரிவுகளின்படி குற்றம்.

சரி, எது நிலைத்து நிற்கிற மிரட்டல்? ஆள், இடம், நேரம் என்று குறிப்பாக இருந்தால். ஒரே பேச்சை இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருந்தால். கூட்டு சேர்த்திருந்தால். 'நாளைக்கு நீ வராதே' என்று நண்பனை எச்சரித்திருந்தால். கையில் ஆயுதம் கிடைக்கும் வழி இருந்தால். பழைய பகை இருந்தால். நம்மூரில் துப்பாக்கி கிடையாது, ஆனால் பைக்குள் அரிவாள் வந்திருக்கிறது. அரிவாளோடு இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவதை வெறும் பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது. அதுவே பாதி சமயம் பந்தாதான். மீதிப் பாதி எது என்று விசாரிக்காமல் தெரியாது.

நாங்குநேரியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பட்டியல் சாதியைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், உடன் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதால் அவன் பள்ளிக்கே போகாமல் இருந்தவன். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டபோதுதான் புகார் வெளியே வந்தது. புகார் போனதும் அடி விழுந்தது. இதில் எல்லாப் பள்ளிக்கும் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது: புகார் கொடுத்த நேரத்துக்கும் பாதுகாப்பு வரும் நேரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் மிக ஆபத்தான நேரம். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கூப்பிட்டு 'உன் மேல புகார் வந்திருக்கு' என்று கண்டித்து, சாயங்காலம் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் அனுப்பிவைப்பதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

அந்த மாதிரிப் புகாரில் வரிசை மாற வேண்டும். முதலில் பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குத் தகவல். அடுத்து உள்ளூர்க் காவல் நிலையம். ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தை நல அலுவலராக ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். அதன்பின் எதிர்த்தரப்புப் பெற்றோர். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பையன்களை விசாரிப்பது. வகுப்புப் பிரிவை மாற்ற வேண்டியிருந்தால் மிரட்டியவனை மாற்றுங்கள், மிரட்டப்பட்டவனை அல்ல. நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது மட்டும்தான் தொலைக்காட்சி விவாதங்களில் ஓடியது.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ரகசியமாக இருப்பதில்லை. அமெரிக்காவில் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அரசு அறிக்கை, 81 சதவீதச் சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது என்கிறது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் கூடப் படிப்பவர்கள். ஆகவே தகவல் சொன்னவனின் பெயர் வெளியே போனால் அடுத்த தகவல் உங்களுக்கு வராது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறோம். அதைக் கொண்டுபோய் ஆசிரியர் ஓய்வறை வாசலில் மாட்டினால் எவன் சீட்டுப் போடுவான்? ஆளில்லாத மாடிப்படித் திருப்பத்தில் மாட்டுங்கள். பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் பெட்டி மேலேயே இருக்கட்டும்.

மின்னஞ்சலில் வரும் வெடிகுண்டு மிரட்டல் வேறு கதை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகள் சிலவற்றுக்கும், மே 1 அன்று டெல்லி வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கும் வந்தது. அனுப்பியது யாரென்று பள்ளி துப்பறியக் கூடாது. பதில் போடாதீர்கள், அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். 112ஐ அழைத்துவிட்டு, வந்த அஞ்சலை அப்படியே காவல்துறைக்குக் காட்டுங்கள். மோப்ப நாயும் வெடிகுண்டுப் பிரிவும் வரும் வரை பிள்ளைகளைக் கட்டடத்திலிருந்து விலக்கி மைதானத்தில் வகுப்பு வாரியாக நிறுத்தி வருகைப்பதிவு எடுங்கள். கேட்டைத் திறந்து அனுப்பிவிட்டால் யார் வீடு சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்று தெரியாமல் இன்னொரு பீதி கிளம்பும். டெல்லியில் பிறகு வந்த இத்தகைய மிரட்டல்களில் பிடிபட்டவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. தேர்வைத் தள்ளிப்போடத் தங்கள் பள்ளிக்கே அஞ்சல் அனுப்பிய அக்கா தம்பி போன்றவர்களுக்கு ஆலோசனை கொடுத்து, பெற்றோரை எச்சரித்து அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் 23 அஞ்சல்கள் அனுப்பியதாக ஒரு 12ஆம் வகுப்பு மாணவன் சிக்கினான். இரண்டுக்கும் ஒரே தண்டனை என்று யாராவது சொல்வார்களா?

சட்டம் எதற்கெல்லாம் இடம் தருகிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை யாரையும் வெளியேற்ற முடியாது. 17ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, பிரேயரில் மேடையேற்றி நிறுத்துவது எல்லாம் இதில் அடக்கம். கொலை மிரட்டலுக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் 18 வயதுக்குக் கீழே இருந்தால் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். 2016ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு கூட்டாகச் செய்ததாகவோ இல்லாதவரை எஃப்.ஐ.ஆர். கூடப் போடுவதில்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆகவே 'போலீஸுக்குப் போனா பையன் வாழ்க்கையே போச்சு' என்று பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து மூடி மறைக்க வேண்டிய தேவையே இல்லை. பையனின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் குற்றம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு எச்.எம். அனுப்பும் 'விளக்க' செய்தியும் இதில் மாட்டும்.

2022 ஏப்ரலில் வேலூர் பக்கம் மாணவர்கள் மேசை, பெஞ்சை உடைத்த வீடியோ பரவியதும், மே மாதம் சட்டப்பேரவையில் பள்ளிக்கல்வி அமைச்சர், ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவர்களை நீக்கி டி.சி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணத்தைக் குறிப்பிடுவோம் என்றார். ஆசிரியர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வரியோடு எந்தப் பள்ளி அவனைச் சேர்க்கும்? பள்ளியை விட்டுப் போனவன் தெருவுக்கு வருவான், அவனைக் கவனிக்கும் ஒரே ஆளும் இல்லாமல். டி.சி. பிரச்சினையை ஊர் மாற்றுமே தவிர தீர்க்காது.

எனக்குச் சரியாகப் படும் தண்டனைகள் பழையவைதான். பெஞ்சை உடைத்தவன் பெற்றோர் பணம் கட்டுவதோடு தப்பக் கூடாது. தச்சர் வரும் சனிக்கிழமை கூடவே நின்று மணல்தாள் தேய்த்து வார்னிஷ் அடிக்கட்டும். கழிப்பறையில் வெடி வைத்தவன், அதனால் பயந்தவர்களிடம் நேரில் பேசட்டும். இடைநீக்கம் தேவைப்பட்டால் மூன்று முதல் ஐந்து நாள் போதும், பாடத்தைக் கையில் கொடுத்து. பதினைந்து நாள் அனுப்பினால் சி.பி.எஸ்.இ. கேட்கும் 75 சதவீத வருகை அடிபடும். அப்புறம் செய்முறைத் தேர்வுக்கு யார் காலில் விழுவது? ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைப்பது தண்டனையே இல்லை, பழிவாங்கல். தண்ணீர் பாட்டிலில் எதையாவது கலந்த 'விளையாட்டு' என்றால் தண்டனைப் பேச்சு பிறகு, முதலில் குடித்த பிள்ளையை பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விசாரித்த அன்று பையனைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவே கூடாது. எல்லார் முன்னும் பிடிபட்டு, அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அன்றிரவு மிக நீளமானது. பெற்றோர் கையில் நேரில் ஒப்படைத்து, 'இன்னைக்கு ராத்திரி தனியா விடாதீங்க, அடிக்காதீங்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள். மறுநாள் காலை ஒரு போன்.

திரும்பி வரும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். முதல் மணிக்கு முன்பே எச்.எம்., பையன், பெற்றோர் மூவரும் உட்கார்ந்து எங்கே உட்காருவான், எந்த பஸ்ஸில் வருவான், யாரிடம் பேசக் கூடாது என்பதை முடிவு செய்ய வேண்டும். அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர் ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிஷம் பேசட்டும். பி.இ.டி. மாஸ்டர் இதற்குப் பல பள்ளிகளில் பொருத்தமான ஆள். பரீட்சைப் பயத்தால் சுவரில் எழுதியவன் என்றால் அந்த ஆறு வாரத்தில் கணக்குக்கும் யாராவது உட்கார வேண்டும், இல்லாவிட்டால் முழு ஆண்டுத் தேர்வுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. விசாரணைக் காகிதங்களை எச்.எம். பீரோவில் தனி உறையில் பூட்டி வையுங்கள். பள்ளி மாறும்போது டி.சி.யோடு அந்த உறையை இணைக்காதீர்கள்.