இறப்பு க்ளெய்மும் மூன்று வருடக் கணக்கும்

ஆயுள் காப்பீடு எடுத்து மூன்று வருடத்துக்குள் இறப்பு நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருவார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவுப்படி, மூன்று வருடம் தாண்டினால் மோசடி என்று சொல்லிக்கூட பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன் வரும் க்ளெய்மைத்தான் துருவுவார்கள். காலாவதியான பாலிசியைப் புதுப்பித்திருந்தால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம். பலர் சறுக்குவது இங்கேதான்.

வருபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. வாக்குமூலத்தை முழுக்கப் படித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்ததாகக் காட்ட, அவர்கள் முதலில் தேடுவது டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஐந்து வருடமாகச் சர்க்கரை’ என்பது போன்ற ஒற்றை வரியை. அவசரப் பிரிவில் பதற்றத்தோடு நின்ற யாரோ சொன்னதை டியூட்டி டாக்டர் எழுதியிருப்பார். அது தவறென்றால், சர்க்கரை முதலில் தெரியவந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையும், சிகிச்சை தந்த மருத்துவரின் கடிதமும் வேண்டும். மோசடி என்று நிறுவனம் சொன்னால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது அதை மறுத்து நிரூபிக்கும் சுமை பணம் பெற வேண்டியவர்மேல் விழுகிறது. கொடுமைதான், ஆனால் சட்டம் அப்படி.

நிராகரித்தால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டும். மோசடி இல்லை, தகவல் பிழைதான் என்றால் கட்டிய பிரீமியம் 90 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதத்தில் தீராவிட்டால், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.