பழப்புளியும் பித்தளைக் கல்லும்

டோர்ட்முண்டில் குடியேறிய இரண்டாம் மாதம், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் நடைபாதையில் எதையோ மிதித்துவிட்டேன். குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஒரு பெயர். புத்தகத்தில் கால் பட்டாலே அப்பா விடமாட்டார், இது பெயரல்லவா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் மேல்மாடி மூதாட்டி கண் கலங்க நிற்கிறார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி 'நன்றி', 'மன்னிக்கவும்' இரண்டுதான். இரண்டையும் சொல்லிவைத்தேன். பஸ் போய்விட்டது.

மொழி வகுப்பில்தான் விளங்கியது. அதன் பெயர் இடறுகல். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. நாஜிகள் கொன்றவர்களுக்கு ஆளுக்கொரு கல், அவர்கள் கடைசியாகத் தாமே விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலில். 2023இல் அது ஒரு லட்சத்தை எட்டிவிட்டது. நான் மிதித்தவள் 1936இல் பிறந்தவள். 1942இல் லாட்வியாவின் ரீகாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மியூனிக்கில் பொதுத்தெருவில் இந்தக் கற்களுக்கு அனுமதியில்லை. இறந்தவர்களை மறுபடியும் மிதிப்பதா என்று அங்குள்ள யூத சமூகத் தலைவி எதிர்த்தாராம். அப்பாவின் கட்சியில் இந்த நாட்டிலும் ஓர் ஆள் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. குப்பையை நிறம் பார்த்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் சம்பல் இடிப்பதில்லை. ஹாம் நகரக் காமாட்சி அம்மன் தேருக்குப் போய் நாலு ஊர் முகங்களைக் கண்டுவந்தால் ஒரு வருடத்துக்குத் தாங்கும். ஊர் நினைவு வருவதே இல்லை. பூங்காவில் வேலிக்குள் மான் நின்றால் மட்டும், திருகோணமலைக் கோட்டை மான்கள் எங்கள் தெருவில் வாழைப்பழத் தோலுக்குக் காத்து நின்றது நினைவுக்கு வந்துவிடும். மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரை நின்றுவிடுவேன்.

2022 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. நாஜிகளின் ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமில் தட்டெழுத்தராக இருந்த 97 வயதுப் பெண். குற்றம் நடந்தபோது பதின்பருவத்தைத் தாண்டாதவர் என்பதால் விசாரித்தது சிறார் நீதிமன்றம்! விசாரணை தொடங்கும் நாளில் முதியோர் இல்லத்திலிருந்து டாக்சி பிடித்துத் தப்பப் பார்த்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். 10,505 கொலைகளுக்கு உடந்தை, இரண்டு ஆண்டு ஒத்திவைத்த சிறை. இத்தனை காலம் கழித்து இது எதற்கு என்று கூட வேலை செய்பவர் ஒருவர் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

2006 ஜனவரி 2. தம்பி கடற்கரையிலிருந்து கச்சான் சுருளோடு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காந்தி சிலைப் பக்கம் வெடிச்சத்தம். அம்மா படலையில் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம் "யாருடைய பிள்ளைகள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மாணவர்கள். அவர்களிடமிருந்த குண்டே வெடித்தது என்றது இராணுவம் முதலில். துப்பாக்கிக் காயங்களைப் படமெடுத்துக் காட்டிய நிருபர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலை 3 அன்று, விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவித்தது நீதிமன்றம். சாட்சியம் எப்படி இருக்கும்? முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து, என்னைப்போல எங்கோ ஒரு நாட்டில் குப்பை பிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

2024 மே மாதம் சம்பூரில், 2009 போரின் கடைசி நாட்களை நினைந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். அரிசி, தண்ணீர், உப்பு: இதுதான் குற்றப்பொருள். அடுத்த வருடம் அம்மா யன்னலைச் சாத்திவிட்டுக் காய்ச்சினாராம். நல்லிணக்கம் என்ற சொல்லை எங்கள் ஊரில் நான் பெயர்ப்பலகையில்தான் கண்டிருக்கிறேன். அந்த ஐந்து பேருக்கும் கல் பதிப்பதானால் எந்தெந்த வாசலில் பதிப்பது என்று சில இரவுகளில் மனதுக்குள் தெருத்தெருவாக நடப்பேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது தம்பியின் கச்சான் மணக்கும்.

1938இல் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் ஆலயங்களையும் தாக்கிய இரவின் நினைவுநாள் நவம்பர் 9. அது வந்தால் இங்கே இடறுகற்களைத் துலக்குவார்கள். போன வருடம் நானும் இறங்கினேன். மூதாட்டி கையில் குழாய்ப் பசை; என் கையில் குத்துவிளக்கு துலக்கும் பழப்புளி. ஐயத்தோடு பார்த்தவர், இரண்டாவது தேய்ப்பில் தகடு மஞ்சளாகச் சிரித்ததும் தன் பசையை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். எழுத்துப் பள்ளத்தில் புளி நிற்கிறது, தேங்காய்த் தும்பு எடுத்துத் தேய் என்றார். தேய்த்துக் கழுவினேன். பெயரை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"யாருடைய பிள்ளை?"

தகப்பனின் கல் பக்கத்தில் கறுத்துக் கிடந்தது. கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்று சொல்லி, மிச்சப் புளியை எடுத்தேன்.