நாளைய தாள்: அக்டோபர் குறிப்புகள்

6 அக்டோபர் 2025, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து இன்று மகளுக்குப் பள்ளி. தினசரி காலண்டரில் மறுநாள் தாளின் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. யார் கொண்டுபோய் விடுவார்கள், யார் கூட்டி வருவார்கள், சாயங்காலம் என்ன டிபன். ராகு காலம் பார்க்க வந்த அத்தை, "இதென்னம்மா, நம்ம வீட்டு ராசிபலனா?" என்றார். அப்படித்தான். ஆனால் இது பலித்தே ஆக வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: மகளுக்கு ஏழு வயது. ஏப்ரலில் தத்தெடுப்பு மூலம் எங்களிடம் வந்தாள். அதற்கு முன் நடந்தது அவளுடைய கதை, அதை நான் எழுத மாட்டேன். "அன்பைக் கொட்டுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. அன்புக்கு இங்கே குறையில்லை. ஆனால் பெரியவர்களை நம்பி ஏமாந்த பிள்ளைக்கு அது இன்னொரு பெரியவர் சொல்லும் பேச்சு, அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்கு இட்லி வருகிறதா, சொன்ன ஆள் பள்ளி வாசலில் நிற்கிறாரா, இதைத்தான் அவள் கவனிக்கிறாள்.

7 அக்டோபர், செவ்வாய்

தலையணை உறையில் எறும்புச் சாரை. உள்ளே நாலாக மடித்த சப்பாத்தி, காய்ந்து அப்பளமாகியிருந்தது. கூடவே மேரி பிஸ்கட் தூள். அத்தை "திருட்டுப் புத்தி" என்று ஆரம்பிப்பதற்குள் உறையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். பசியை அறிந்த உடம்பு வயிறு நிறைந்திருந்தாலும் அடுத்த வேளைக்குப் பதுக்கும், பிடுங்கினால் இன்னும் பதுக்கும் என்று மனநலக் கவுன்சலர் முன்பே சொல்லியிருக்கிறார். அவள் கட்டிலருகே ஒரு எவர்சில்வர் டப்பா வைத்தாயிற்று. கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பிஸ்கட். யாரையும் கேட்காமல் எடுக்கலாம். காலியாக விடக்கூடாது, அது எங்கள் பொறுப்பு.

9 அக்டோபர், வியாழன்

தத்தெடுத்த பிறகு இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி. நாளை வருவதாக இருந்தவர், பெரம்பூரில் வேறு வேலையாக வந்தேன் என்று இன்றே வந்துவிட்டார். நாளைய தாளில் எழுதியிருந்தோம், இன்றைய தாளில் இல்லை.

நான் டீ போட்டுக்கொண்டு திரும்பினால் பாப்பா வாசலில் நிற்கிறாள். ஷூ போட்டிருந்தாள், வலது இடது மாறி. ஸ்கூல் பையில் புத்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு கவுன், அந்த டப்பா. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "ரெடி" என்றாள்.

வந்தவர் விஷயம் தெரிந்தவர். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். "நான் டீ குடிப்பேன், அம்மாகிட்ட நாலு கேள்வி கேட்பேன், அப்புறம் நான் மட்டும் தனியா போவேன்" என்றார். மறுபடியும் சொன்னார். அப்படியே செய்தார். அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பாப்பா பார்த்துக்கொண்டே நின்றாள். பையைப் பிரி என்று நாங்கள் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு அவளே பிரித்தாள்.

12 அக்டோபர், ஞாயிறு

இதுதான் யாருக்கும் புரியவைக்க முடியாத விஷயம். வாட்டர் ஃபில்டர் சர்வீஸுக்கு வந்தவர் முதுகில் போய்த் தொற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்திருந்த சின்ன மாமியாருக்கு ஒரே பூரிப்பு: "எவ்ளோ சீக்கிரம் எல்லார்கிட்டயும் ஒட்டிக்குது பாரு!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாரிடம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இன்னும் தன் ஆள் என்று ஒருவர் அமையவில்லை. ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு, ஆதரவற்றோர் விடுதிகளில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பின்தொடர்ந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பிணைப்பு நன்றாக அமைந்தது. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் ஒட்டும் இந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. எங்களுடையவள் வந்ததே ஏழு வயதில்.

அதனால் கொஞ்ச காலத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, மடியில் வைத்துக்கொள்வது எல்லாம் நானும் இவரும் மட்டும். மற்றவர்களுக்கு ஹை-ஃபை. அத்தை முகம் சுருங்கிவிட்டது. "நான் பாட்டிதானே, வேத்தாளா?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பூத்தொடுக்கச் சொல்லித் தரும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் உட்காரலாம், மடியில் வேண்டாம்.

15 அக்டோபர், புதன்

வகுப்பில் குடும்ப மரம் வரைந்து, குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ ஒட்டி வரச் சொன்னார்கள். இவளிடம் அப்படி ஒரு போட்டோ இல்லை. டீச்சரிடம் பேசினேன். உடனே மாற்றிவிட்டார்: "உன்னைப் பார்த்துக்கொள்கிறவர்களை வரைந்து வா." வகுப்புக்கே அப்படி. ஃபில்டர்காரரும் படத்தில் இருக்கிறார்!

18 அக்டோபர், சனி

குக்கர் விசிலுக்கே மேஜைக்கடியில் போகிறவள் தீபாவளியை எப்படித் தாண்டுவாள்? பாரிமுனை போய், கட்டட வேலைக்காரர்கள் போடும் காது மூடி வாங்கி வந்தோம். ஆரஞ்சு நிறம். இன்று முழுக்க அதோடுதான் திரிந்தாள்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, அவ்வளவுதான் வெடிக்க அனுமதி. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

நாலரைக்கே முதல் சரம். கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அந்த நேரத்தில் "ஒண்ணுமில்ல, பட்டாசுதான்" என்று விளக்கிப் பயனில்லை. மூளையில் அமிக்டலா அபாய மணி அடிக்கும்போது யோசிக்கிற பகுதிக்குப் பேச்சு எட்டாது. முதலில் உடம்பு அடங்க வேண்டும். இவரும் தரையில் படுத்து, காது மூடியை உள்ளே தள்ளிவிட்டு, சத்தமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மேலே பேச்சே இல்லை. எண்ணெய்க் குளியல் பத்து மணிக்குத்தான் நடந்தது. நரகாசுரன் காத்திருந்தான் போல.

21 அக்டோபர், செவ்வாய்

மழை. தெருவில் வெடி இல்லை. எல்லாரும் தூங்கினோம்.

26 அக்டோபர், ஞாயிறு

காலையில் உப்புமா. பாப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு இது பிடிக்கல, வேணாம்" என்றாள். வந்த நாளிலிருந்து வைத்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டவள், இதுவரை எதையும் வேண்டாம் என்றதில்லை. நானும் இவரும் பார்த்துக்கொண்டோம். கவுன்சலர் காத்திருந்தது இதற்குத்தான்: மறுத்தாலும் அனுப்பிவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை கொஞ்சமாவது வந்தால்தான் மறுப்பாள்.

தோசை வார்த்தேன். "இப்படி இடம் குடுத்தா நாளைக்குத் தலைல ஏறும்" என்று அத்தை. ஏறட்டும் அத்தை என்றேன். அந்த உப்புமாவை இவர்தான் சாப்பிட்டார், அவருக்கும் பிடிக்காது. நாளைய தாளில் டிபன் இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். பாப்பாவே எழுதிவிட்டாள்: பூரி. உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும்.