கோடை முடிந்த பின் ஆன்டீப்

பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையில், நீஸ் நகருக்கும் திரைப்பட விழாவால் நாம் அறிந்த கான் நகருக்கும் இடையே ஆன்டீப் என்ற பழைய ஊர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால், பைன் மரங்கள் அடர்ந்த மேட்டு நிலத்தில், 1969இல் தொடங்கப்பட்ட சோஃபியா ஆன்டிபோலிஸ் என்னும் தொழில்நுட்பப் பூங்கா பரந்து கிடக்கிறது. நம் கைப்பேசிகளை இயக்கிய ஜி.எஸ்.எம். தரநிலைகளை வகுத்த ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைக் கழகத்தின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதிக்கும் துறையில் இருந்த எனக்கு அந்தப் பூங்காவில் வேலை வாய்த்தபோதெல்லாம் அது நவம்பராகவோ பிப்ரவரியாகவோதான் இருந்தது. கோடையில் அக்கரையோரம் முழுவதும் அறை வாடகை ஏறிவிடும். ஆகஸ்டில் பிரெஞ்சு அலுவலகங்களில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. எனவே பயணச் செலவைப் பார்க்கும் எங்கள் கணக்குப் பிரிவுக்குக் குளிர்காலமே உகந்ததாக இருந்தது. ரிவியெரா எனப்படும் அந்தக் கடற்கரை வரை போய்க் கடலில் கால் நனைக்காமல் திரும்புகிறேனே என்று சென்னை அலுவலக நண்பர்கள் இரக்கப்படுவார்கள். அந்த இரக்கத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. கோடையில் ஆன்டீப், தன்னிடம் வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கும். அது தன் சொந்த வேலைகளைப் பார்ப்பதைக் காண விரும்புகிறவர் குளிர்காலத்தில்தான் போக வேண்டும்.

இதைப் போர்ட் வோபான் துறைமுகத்தில் நின்றால் உடனே உணரலாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய உல்லாசப் படகுத் துறைகளுள் ஒன்றான அங்கே, 'கோடீசுவரர் துறை' என்றே அழைக்கப்படும் நீண்ட மேடையை ஒட்டி, சிறு கப்பலுக்கு நிகரான படகுகள் வரிசையாக நிற்கும். இலையுதிர்காலத்தில் அவற்றுள் சில அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போய்விடும். எஞ்சியவை துறையிலேயே கட்டிக் கிடக்க, அவற்றின் தளத்துத் தேக்குப் பலகைகளை மாலுமிகள் தேய்ப்பார்கள், மரவேலைகளுக்கு வார்னிஷ் பூசுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் பாகம் பாகமாகச் சோதிப்பார்கள். உரிமையாளர் எவரையும் அந்த மாதங்களில் நான் கண்டதில்லை. ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க இளைஞர்கள்தான் எங்கும் தென்பட்டார்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில், தன்விவரத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, படகு படகாக நின்று வேலை கேட்டுப் போகும் புதியவர்களையும் பார்க்கலாம். பகலெல்லாம் அறைக்குள் இருந்து ஒரு தரநிலை ஆவணத்தின் ஒற்றைச் சொல்லுக்காகப் பல நாட்டுப் பொறியாளர்களுடன் வாதிட்டுவிட்டு மாலையில் அங்கே நடக்கும்போது, அவர்கள் செய்வதும் என்னுடையதைப் போன்ற பராமரிப்பு வேலைதான் என்று எனக்குத் தோன்றும். ஒரு வேறுபாடு, அவர்கள் செய்து முடித்தது பளபளக்கும்.

அடுத்துள்ள ஜுவான்-லே-பான் கடற்கரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கலைத்துப் போடுவதே குளிர்கால வேலை. கோடையில் சாய்வு நாற்காலிகளையும் உணவகங்களையும் கொண்டு மணலை ஆக்கிரமிக்கும் தனியார் கடற்கரைகளுக்கு 2006ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று கடிவாளம் போட்டது. இயற்கையான கடற்கரையில் ஐந்தில் நான்கு பங்கு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதும், அமைக்கப்படும் கட்டுமானங்கள் பருவம் முடிந்ததும் கழற்றி எடுக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். அதனால் பிப்ரவரியில் அங்கே வெறும் மணல்தான் இருக்கும்; கடல்நீர் பதின்மூன்று பாகையாக இருந்தாலும் தவறாமல் நீந்த வரும் சில முதியவர்களும் இருப்பார்கள். கோடையில் அங்கே பரிமாறியவர்களும் மதுக்கடைகளில் நின்றவர்களும் மலை ஏறிவிடுகிறார்கள். ஒரே மாவட்டத்திலுள்ள இசோலா, ஓரோன் போன்ற பனிச்சறுக்கு ஊர்களில் டிசம்பர் முதல் அதே வேலை அவர்களுக்குக் காத்திருக்கிறது. ஆன்டீப் கோட்டைச்சுவரில் நின்றால், வளைகுடாவுக்கு அப்பால், தெளிந்த நாள்களில் அந்த வெண்பனி மலைகள் கடலுக்கு மேலே எழுந்து நிற்பதைக் காணலாம். கோடையின் வெப்பப் புகைமூட்டத்தில் அந்தக் காட்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

குளிர்காலத்தை 'பருவம் அல்லாத காலம்' என்று இன்று நாம் ஒதுக்குவதில் ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. காலரா அச்சத்தால், அப்போது பிரான்சுடன் சேராதிருந்த நீஸின் எல்லையில் தடுக்கப்பட்ட புரூம் பிரபு என்ற ஆங்கில அரசியல்வாதி 1834இல் கான் என்ற மீனவர் ஊரில் தங்க நேர்ந்து, அதை விரும்பி, அங்கேயே மாளிகை கட்டினார். அவரைப் பின்பற்றி வந்த ஆங்கிலேயரும் பிறகு வந்த ரஷ்யரும் நாடி வந்தது இதமான குளிர்காலத்தைத்தான். விக்டோரியா அரசி 1895 முதல் 1899 வரை நீசுக்கு வந்ததும் கோடையைக் கழிக்க அல்ல. அந்நாளில் வெயில் ஏறியதும் விடுதிகள் கதவடைத்துவிடும். ஆன்டீப் முனையிலுள்ள ஓத்தெல் து காப் விடுதியை 1923 கோடையில் மூடாமல் வைத்திருக்குமாறு மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியர் அதன் உரிமையாளரை இணங்க வைத்தது, அந்தக் கரையோரத்தில் கோடைக்காலம் உருவான கதையின் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் இரு வார விடுப்பு சட்டமான பிறகு மக்கள் கூட்டமும் மெல்லக் கடற்கரைக்கு வரத் தொடங்கியது.

வேலை செய்ய வந்த ஓவியர்களும் கோடையை நம்பியிருக்கவில்லை. மோனே 1888 ஜனவரியில் வந்து மே மாதம் வரை இருந்து ஆன்டீப்பை வெவ்வேறு நேரத்து வெளிச்சங்களில் தீட்டினார். பிக்காசோ 1946 இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கிரிமால்டி கோட்டையில் பட்டறை போட்டார். போர் முடிந்து ஓவியத்துணி கிடைக்காத காலம் அது. ஒட்டுப்பலகையிலும் சிமெண்டு அட்டையிலும், படகுக்கு அடிக்கும் வண்ணத்தைக் கொண்டு அவர் வரைந்தார். போகும்போது 23 ஓவியங்களையும் 44 வரைபடங்களையும் அங்கேயே விட்டுச் சென்றார். அந்தக் கோட்டை இன்று பிக்காசோ அருங்காட்சியகம். பிப்ரவரி மாதத்து வேலைநாளில் அங்கே நுழைந்தால், அறைக் காவலரும் நாமும் மட்டுமே இருப்போம். பிக்காசோவைப் பார்க்கப் போன நான், நிக்கோலா த ஸ்தாயெலின் பெரிய ஓவியத்தின் எதிரே நின்றுவிடுவதே வழக்கமாயிற்று. ஆறு மீட்டர் அகலத்தில், சிவந்த வெளியின் ஒரு கோடியில் கருப்புப் பியானோவும் மறு கோடியில் பெரிய தந்தி வாத்தியமும், நடுவே வெள்ளைத் தாள்களுமாக உள்ள 'இசைக் கச்சேரி' என்ற அந்த ஓவியத்தை முடிக்காமலே அவர் 1955 மார்ச்சில் ஆன்டீப்பில் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 41. கோடைக் கூட்டத்தில் அந்த ஓவியத்தின் முன்னால் அத்தனை நேரம் நிற்க முடியுமா என்பது ஐயமே.

இதற்கெல்லாம் விலை கொடுக்கத்தான் வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டு விடுப்பு என்ற அறிவிப்பை ஒட்டிவிட்டுப் பூட்டிக்கொள்ளும். சைவம் உண்ணும் என் போன்றவருக்குக் காலைச் சந்தையே துணை; அதுவும் கோடை தவிர்த்த மாதங்களில் திங்கட்கிழமை கிடையாது. கடலை மாவை ஆலிவ் எண்ணெயும் நீரும் விட்டுக் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தரும் 'சொக்கா' அங்கே கிடைக்கும். நம் அடையைப் போல ஓரம் முறுகலாக வந்த பகுதிக்கு நான் காத்திருந்து வாங்குவேன்.

நவம்பரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோடை முழுவதும் சூடேறிய கடலின் ஈரம் இலையுதிர்காலத்தில் மலைகளில் மோதிக் கொட்டித் தீர்க்கும் மழை அங்கே கொடியது. 2015 அக்டோபர் 3 இரவு அந்த மாவட்டத்தில் சில மணி நேரப் பெருமழை இருபது உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆன்டீப்பும் அண்டையிலுள்ள பியோவும் வெள்ளத்தில் மூழ்கின. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் மூழ்கிய தெருக்களைப் பார்த்த எனக்கு, ஓடையோரத்தை அடைத்துக் கட்டிய வீடுகளைப் பற்றி அங்கிருந்த சக பொறியாளர்கள் பேசியதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி வேறு விதம். மலைச்சரிவுகளில் மிமோசா மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும், அருகிலுள்ள மாந்தலியூவில் அதற்குத் திருவிழாவே நடக்கும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் புல்வெளிகளை விழுங்குவதாக வனத்துறை வெட்டிக் களையும், வாட்டில் என்ற சீகை மரத்தின் இனம்தான் அது. இரண்டு இடங்களுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது.

அந்த ஊரின் ஆண்டுக் கணக்கை எனக்குத் தெளிவாக்கியவர் எங்கள் குழுவில் இருந்த ஓர் இளம் பொறியாளர். கடலருகே அவர் எடுத்திருந்த சிறிய வீட்டுக்குச் செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் ஒப்பந்தம். கோடை மாதங்களில் வாரக் கணக்கில் விடுமுறையாளர்களுக்கு விட்டால் வீட்டுக்காரருக்குப் பன்மடங்கு வரும் என்பதால், மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் அங்கே இப்படித்தான் குடியிருக்கிறார்கள். ஜூன் முடிந்ததும் அவர் பெட்டியைக் கட்டி, நண்பர் வீட்டு வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்து, செப்டம்பரில் அதே வீட்டுக்குத் திரும்புவார். வேலை செய்யும் ஊரில் கோடைக்கு மட்டும் தனக்கு இடமில்லை என்று சலித்துக்கொள்வார். மறு ஆண்டும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார், ஏனெனில் சன்னலைத் திறந்தால் கடல் தெரியும் அந்த வீட்டின் குளிர்கால வாடகை அவருடைய சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் தொகை.