ஆம்ஹர்ஸ்ட் விண்ணப்பமும் எங்கள் அத்தானும்

அக்கா மகள் அமெரிக்காவில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். அத்தானின் முதல் கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு?"

அப்படி ஒன்று அங்கே கிடையாது என்று சொன்னால் மனுஷன் நம்பவே மாட்டேன் என்கிறார். நம்மூர் கவுன்சலிங்கில் 200-க்கு 198 என்றால் எங்கே சீட் என்று ஓரளவு கணிக்கலாம். அங்கே மார்க்கோடு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்ற பட்டியல் எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குக்கூட இடமில்லை.

மாசச்சூசெட்ஸில் 1821-இல் தொடங்கிய கல்லூரி. மொத்த மாணவர்களே இரண்டாயிரத்துக்குள்தான். முதுகலை வகுப்பே இல்லாததால் பேராசிரியர்கள் நேரடியாக இளங்கலைப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறார்கள். முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்றுதான் எல்லாருக்கும் கட்டாயம். மேஜருக்கு (முக்கியப் பாடத்துக்கு) உரியதைத் தவிர மற்றதெல்லாம் அவள் இஷ்டம். இயற்பியலோடு கிரேக்கமும் படிக்கலாம். (அத்தான்: "கிரேக்கம் படிச்சா பிளேஸ்மென்ட்?")

கட்டணத்தைப் பார்த்து அக்கா அரண்டுவிட்டாள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கும், உதவித்தொகை கேட்கிறார்களா என்று பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்கிற சில கல்லூரிகளில் இதுவும் ஒன்று. சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் கட்ட முடியாததென்று அவர்கள் கணக்கிடும் தொகை முழுவதையும் கொடுத்துவிடுவார்கள். வருமானக் கணக்கை மட்டும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற உதவித்தொகைப் படிவத்தில் ஒழுங்காக நிரப்ப வேண்டும். அந்த வேலையை அத்தானிடமே கொடுத்திருக்கிறோம்.